மருத்துவச் சொல்லை வாலிலிருந்து படியுங்கள்: கிரேக்க வேர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங், பிஸியோதெரபி, லேப் டெக்னீஷியன் என்று ஏதாவது ஒரு படிப்பில் சேர்பவர்களை முதல் மாதத்திலேயே மிரட்டுபவை மருத்துவப் பெயர்கள். கோலிசிஸ்டெக்டமி, த்ராம்போசைட்டோபீனியா, பைலோநெஃப்ரைட்டிஸ் என்று பக்கத்துக்குப் பத்து வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யப் போனால் முதல் தேர்வுக்குள் மூச்சு முட்டிவிடும். அந்தப் பாடு தேவையில்லை. நோய், அறுவைச் சிகிச்சை, பரிசோதனை ஆகியவற்றின் பெயர்களில் பெரும்பகுதி, கிரேக்கத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்துச் செய்தவை. துண்டுகள் பிடிபட்டால், இதுவரை பார்க்காத சொல்லையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. வகுப்பில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஹெப்பட்டைட்டிஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் விளக்கும்போது அழற்சி முன்னால் வரும், கல்லீரல் பின்னால் போகும். தமிழிலோ ஹெப்பட் என்றால் கல்லீரல், ஐட்டிஸ் என்றால் அழற்சி. சேர்த்தால் கல்லீரல் அழற்சி. வரிசை மாறவே இல்லை. கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி நீக்குவது. கோலிசிஸ்டெக்டமி பித்தப்பை நீக்கம். ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் எலும்பு மூட்டு அழற்சி. ஆகவே புத்தகத்தில் உள்ள ஆங்கில விளக்கத்தை இடையில் நுழைக்காமல், துண்டுக்குத் துண்டு நேராகத் தமிழில் வைத்துப் பழகுங்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். எனவே இப்படிப் படிப்பது ஒன்றும் புதுமையல்ல.

முதல் படி: கடைசித் துண்டைப் பிடியுங்கள்

நீளமான சொல்லைப் பார்த்ததும் கண் முதல் எழுத்துக்குப் போகும். அதை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். பேச்சு நோயைப் பற்றியதா, அறுவையைப் பற்றியதா, பரிசோதனையைப் பற்றியதா என்பதை வால்தான் சொல்லும். தமிழிலும் அப்படித்தானே? 'பித்தப்பை' வரைக்கும் கேட்டால் ஒன்றும் புரியாது. 'நீக்கமா' 'அழற்சியா' என்பது கடைசியில்தான் தெரியும்.

நோய்ப் பெயர்களில் அதிகம் வருவது ஐட்டிஸ். பழைய கிரேக்கத்தில் இதற்கு அழற்சி என்ற பொருள் கிடையாது. ஆர்த்ரைட்டிஸ் என்றால் 'மூட்டைச் சேர்ந்த' என்று மட்டும்தான் பொருள். 'நோய்' என்ற சொல்லைக் கூடச் சேர்த்துச் சொல்வார்கள், காலப்போக்கில் அது உதிர்ந்துவிட்டது. பிற்கால மருத்துவர்கள்தான் இந்த வாலை அழற்சிக்கு என்று ஒதுக்கிக்கொண்டார்கள். ஆல்ஜியா வலி: நியூரால்ஜியா நரம்பு வலி, மயால்ஜியா தசை வலி. பதி என்றால் பொதுவாக நோய்நிலை. மெகாலி என்றால் வீக்கம், பெருத்துப்போதல். ஈமியா இரத்தத்தைப் பற்றியது, யூரியா சிறுநீரைப் பற்றியது. உரத்தில் போடும் யூரியாவுக்கும் மூலம் அதே சிறுநீர்தான்.

ஓமா என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி. லைப்போமா கொழுப்புக் கட்டி, சாதாரணமாக ஆபத்தில்லாதது. லிம்ஃபோமாவும் மெலனோமாவும் புற்றுநோய்கள். இந்த வாலை மட்டும் வைத்துப் புற்றா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. கட்டியே இல்லாத ஓமாக்களும் உண்டு: ஹெமட்டோமா இரத்தம் ஓரிடத்தில் தேங்கி நிற்பது, கிளாக்கோமா கண் நோய். கோமாவோ இந்தக் குடும்பமே இல்லை, அது ஆழ்ந்த உறக்கத்தைக் குறித்த வேறொரு கிரேக்கச் சொல்.

பீனியா என்ற வாலை டெங்கு பரவும் மாதங்களில் வீடு வீடாகக் கேட்கலாம். கிரேக்கத்தில் அதற்கு வறுமை என்று பொருள். த்ராம்போ இரத்தக்கட்டு, சைட்டோ பாத்திரம், கலம் என்ற பொருளிலிருந்து செல் ஆனது, பீனியா வறுமை. இரத்தம் உறைய உதவும் செல்லுக்குப் பஞ்சம், அதாவது பிளேட்லெட் குறைவு. வெள்ளையணு குறைந்தால் லூக்கோபீனியா. கூடினால் லூக்கோசைட்டோசிஸ்: ஓசிஸ் பொதுவாக ஒரு நிலையைக் குறித்தாலும், இரத்த அணுக்களோடு சேரும்போது எண்ணிக்கை கூடியதைச் சொல்லும்.

அறுவைச் சொற்களில் மூன்று வால்கள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். வார்டில் நிற்கப்போகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். டோமி என்றால் வெட்டித் திறப்பது. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது; 'எக்' என்பது 'வெளியே'. ஆஸ்டமி என்றால் வாய் வைப்பது. ஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்று பொருள், ஆகவே உடலில் புதிதாக ஒரு திறப்பு. நெஃப்ரெக்டமி என்றால் சிறுநீரகத்தையே எடுத்துவிடுகிறார்கள். நெஃப்ராஸ்டமி என்றால் சிறுநீரகம் இருந்த இடத்தில் இருக்கும், அதிலிருந்து சிறுநீர் வடிய வெளியே ஒரு வழி வைக்கிறார்கள். கோலெக்டமி பெருங்குடலை நீக்குவது. கோலாஸ்டமி பெருங்குடலை வயிற்றுச் சுவரில் திறந்து வைப்பது. ஓர் அசை மாறினால் நோயாளியின் கதையே மாறிவிடும். சந்தேகம் வந்தால் தயங்காமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பிளாஸ்டி என்றால் வடிவம் கொடுப்பது. பிளாஸ்டிக் என்ற சொல்லும் இதே வேர்தான். ஆஞ்சியோபிளாஸ்டி குழாயைச் சீர்செய்வது. ராஃபி தையல். பரிசோதனைகளில் ஸ்கோப்பி உள்ளே பார்ப்பது, கிராஃபி பதிவு செய்யும் முறை, கிராம் கிடைக்கும் பதிவு. கையில் தருகிற ஈசிஜி தாள் கார்டியோகிராம், அதை எடுக்கும் கருவி கார்டியோகிராஃப்.

இரண்டாம் படி: தலையில் என்ன ஒட்டியிருக்கிறது

வாலைப் பார்த்தாயிற்று. இனி முன்னொட்டு. எல்லாச் சொல்லிலும் இது இருக்காது. இருந்தால் அளவையோ இடத்தையோ தன்மையையோ சொல்லும். டேக்கி வேகம், பிராடி மெதுவு. டிஸ் கெட்டது, சிரமமானது: டிஸ்ப்னியா மூச்சுச் சிரமம், டிஸ்யூரியா சிறுநீர் கழிக்கும்போது வலி. பாலி பல, ஒலிகோ கொஞ்சம், ஹெமி பாதி. ஹெமிபிளீஜியா என்பதில் பிளீஜியா அடி விழுவதைக் குறிக்கும்; பாதி உடம்பில் அடி. நாம் பக்கவாதம் என்போம்.

இதயத்தை வைத்து மூன்று முன்துண்டுகளை ஒரே மூச்சில் படித்துவிடலாம். பெரி சுற்றி, எண்டோ உள்ளே, மயோ தசை. பெரிகார்டைட்டிஸ் இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி, மயோகார்டைட்டிஸ் இதயத் தசையில், எண்டோகார்டைட்டிஸ் உள்ளுறையில். மயோ மட்டும் முறைப்படி முன்னொட்டு இல்லை, அதுவும் ஒரு வேர்தான். இந்த வரிசையில் வைத்தால் மறக்காது என்பதால் சேர்த்தேன்.

'அ', 'அன்' என்று தொடங்கினால் இல்லாமை. மெய்யெழுத்துக்கு முன் அ, உயிருக்கு முன் அன். அப்னியா மூச்சின்மை, அன்யூரியா சிறுநீர் இன்மை. தமிழ் வரிசை கைவிடும் இடங்களில் இது ஒன்று: கிரேக்கத்தில் இல்லாமை முன்னால் நிற்கிறது, நாம் பின்னால் வைக்கிறோம். இன்னொரு எச்சரிக்கை: அனீமியாவைத் துண்டு துண்டாகப் பெயர்த்தால் 'இரத்தமின்மை' என்று வரும், ஆனால் இரத்தமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குறைவு என்றுதான் பொருள்.

அப்புறம், ஹைப்பர், ஹைப்போ. முதலாவது அதிகம், இரண்டாவது குறைவு. எழுத்தில் குழப்பமில்லை, போனிலும் அவசரத்திலும்தான் வினை. ஹைப்பர்கிளைசீமியாவில் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஹைப்போகிளைசீமியாவில் இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் செய்யவேண்டியது நேர் எதிரானது. பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு நகராதீர்கள், 'சுகர் எவ்வளவு?' என்று எண்ணைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: நடுவிலுள்ள உறுப்பு

வேர்களை அகரவரிசையில் படிப்பது வீண் வேலை. உங்கள் உடம்பையே தலையிலிருந்து தொட்டுக்கொண்டு வாருங்கள்.

தலை கெஃபல், அதற்கு முன்னால் 'உள்ளே' என்னும் ஒட்டு சேர்ந்தால் என்செஃபல், தலைக்குள் இருப்பது, மூளை. கண் ஆஃப்தால்ம், காது ஓட், மூக்கு ரைன். காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ரைனோவும் இந்த மூக்குதான். நாக்கு கிளாஸ், வாய் ஸ்டோமா. குரல்வளை லாரிங்க்ஸ். இஎன்டி டாக்டரின் பலகையில் ஓட்டோரைனோலாரிங்காலஜி என்று இருந்தால் இனி பயமில்லை: காது, மூக்கு, தொண்டை, இயல்.

மார்புக்கு வந்தால் கார்டி இதயம், நியூமோன் நுரையீரல், ஸ்டெத் மார்பு. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பிறகு மரத்தில் ஒரு குழாய் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்டெதஸ்கோப், 'மார்பைப் பார்ப்பது'. கேட்கும் கருவிக்குப் பார்க்கும் வால்! நியூமோ என்ற துண்டு சில சமயம் காற்றையும் குறிக்கும். நிமோனியா நுரையீரலில் வருவது, நியூமோதோராக்ஸ் நெஞ்சறைக்குள் காற்று புகுந்துவிடுவது.

வயிற்றில் கேஸ்ட்ர் இரைப்பை, என்டர் குடல், ஹெப்பட் கல்லீரல், ஸ்ப்ளீன் மண்ணீரல், கோலி பித்தம், நெஃப்ர் சிறுநீரகம், லித் கல். கணையத்தின் பெயரான பேங்க்ரியாஸ் 'முழுக்கச் சதை' என்ற பொருளில் வந்தது. கைகால்களுக்குப் போனால் ஆஸ்டி எலும்பு, காண்ட்ர் குருத்தெலும்பு, ஆர்த்ர் மூட்டு, மயோ தசை, டெர்ம் தோல். எங்கும் ஓடுவது ஹீம் அல்லது ஹெமட், இரத்தம், ஆஞ்சியோ குழாய்.

துண்டுகளுக்கு நடுவே அடிக்கடி ஒரு 'ஓ' வருகிறதே, அதற்குப் பொருள் தேட வேண்டாம், இணைப்பு மட்டும்தான். அடுத்து வரும் வால் உயிரெழுத்தில் தொடங்கினால் அது விழுந்துவிடும்: கேஸ்ட்ரோஸ்கோப்பி, ஆனால் கேஸ்ட்ரைட்டிஸ். இரண்டு உறுப்புகள் சேரும்போது மட்டும் உயிருக்கு முன்னாலும் நிற்கும்: கேஸ்ட்ரோஎன்ட்ரைட்டிஸ்.

எழுத்தைக் கொண்டு பெயர் வைத்த உறுப்புகளும் உண்டு. ஆய்டு என்ற வாலுக்கு 'வடிவமுள்ள' என்று பொருள். தோள்பட்டைத் தசை டெல்டாய்டு, கிரேக்க டெல்டா போல முக்கோணம். பெருங்குடலின் கடைசி வளைவு சிக்மாய்டு, சிக்மா எழுத்து போல. தைராய்டு கேடயம் போல.

நான்காம் படி: ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வந்தால்

சிறுநீரக மருத்துவம் நெஃப்ராலஜி. ஆனால் அங்கே போகும் தமனி ரீனல் ஆர்ட்டரி. தோல் மருத்துவம் டெர்மட்டாலஜி. தோலடி ஊசி சப்கியூட்டேனியஸ். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ரீனல், கியூட்டேனியஸ், பல்மனரி (நுரையீரல் சார்ந்த), செரிப்ரல் (மூளை சார்ந்த) இவையெல்லாம் லத்தீன்.

பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸ் காலத்திலிருந்து மருத்துவ நூல்கள் கிரேக்கத்தில் இருந்தன. ரோமாபுரியில் வைத்தியம் பார்த்தவர்களிலும் கிரேக்கர்கள் மிகுதி, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் காலன் அங்கே இருந்துகொண்டு கிரேக்கத்திலேயே எழுதினார். நோயின் பெயர்கள் கிரேக்கமாகவே தங்கிவிட்டன. பிறகு ஐரோப்பியக் கல்விக்கூடங்களின் மொழி லத்தீன் ஆனது. 1543இல் வெசேலியஸ் வெளியிட்ட உடற்கூறு நூலும் லத்தீனில்தான். அதனால் தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: உறுப்பு, எலும்பு, தமனி என்று இருக்கும் பொருளைச் சுட்டும்போது லத்தீன், அதற்கு வரும் நோயையும் செய்யும் அறுவையையும் சொல்லும்போது கிரேக்கம். விதிவிலக்கு நிறைய. அப்பெண்டிசைட்டிஸ், டான்சிலைட்டிஸ் இரண்டும் லத்தீன் உறுப்புக்குக் கிரேக்க வால் ஒட்டியவை. கரோனரி என்பதைக் கார்டியோடு சேர்த்துவிடாதீர்கள். அது லத்தீனில் கிரீடம். இதயத்தைக் கிரீடம்போலச் சூழ்ந்த தமனிகள் என்பதால் அந்தப் பெயர்.

ஐந்தாம் படி: ஒரே மாதிரி இருந்து ஏமாற்றுபவை

டிஸ்ஃபேஜியா விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சுச் சிரமம். பக்கவாத நோயாளிக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம், அதனால் கேஸ் ஷீட்டில் எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மயலோ என்ற துண்டு உண்மையிலேயே தொல்லை. கிரேக்கத்தில் எலும்புக்குள் இருப்பதையும் முதுகெலும்புக்குள் இருப்பதையும் ஒரே சொல்லால் சொன்னார்கள். ஆஸ்டியோமயலைட்டிஸ் எலும்பிலும் மஜ்ஜையிலும் வரும் தொற்று. போலியோமயலைட்டிஸ் தண்டுவடத்தின் சாம்பல் பகுதியில் வருவது. போலியோ என்றாலே சாம்பல் நிறம்தான். பக்கத்தில் வரும் சொல்லை வைத்துத்தான் எது என்று பிரிக்க முடியும். இதோடு மயோவைக் கலந்துவிட்டால் தசையும் மஜ்ஜையும் குழம்பும்: மயோமா தசைக் கட்டி, மயலோமா மஜ்ஜையில் வரும் புற்று.

பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவம், கிரேக்கம். கேஸ் ஷீட்டில் வரும் பீடல் எடிமா கால் பாத வீக்கம், அந்தப் பீடல் லத்தீன். ஆர்த்தோபீடிக்ஸ் எலும்பு மருத்துவமாயிற்றே, அதில் ஏன் குழந்தை? 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணலை நேராக்குவதைப் பற்றி எழுதிய நூலுக்காகச் செய்த சொல் அது. ஆர்த்தோ நேர், பீட் குழந்தை. இன்று எண்பது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்புக்கும் அந்த வார்டுதான்.

ஆறாம் படி: அகராதியில் தேடும்போது

கேட்ட ஒலியை வைத்துத் தேடினால் பாதிச் சொற்கள் அகப்படாது. 'ந' ஒலியில் தொடங்கும் நிமோனியாவுக்கும் 'ச' ஒலியில் தொடங்கும் சைக்கியாட்ரிக்கும் முதலெழுத்து ஒலிக்காத 'பி'. டோசிஸ் என்ற இமை சரியும் நிலைக்கும் அப்படியே. 'க' ஒலிக்கு 'சி ஹெச்' இருக்கலாம், 'ஃப' ஒலிக்கு 'பி ஹெச்'. ஒழுகுதலையும் கொட்டுதலையும் சொல்லும் சொற்களில் (டயேரியா, ஹெமரேஜ்) 'ஆர்' இரண்டு, அதன்மேல் ஒரு 'ஹெச்'.

நம்மூரில் பழகியது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், பல பெரிய பாடநூல்கள் அமெரிக்கப் பதிப்பு. உணவுக்குழாயான ஈசோஃபேகஸைப் பிரிட்டிஷ் அகராதியில் 'ஓ'வில் தேட வேண்டும், அமெரிக்க நூலின் பின்னட்டவணையில் 'இ'யில். எடிமாவும் ஈஸ்ட்ரோஜனும் இதே ரகம். ஓரிடத்தில் இல்லையென்றால் மற்றதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பெயர் சொல்வதெல்லாம் உண்மை என்று நம்ப வேண்டாம்

வேரைப் பிரித்துக் கிடைக்கும் பொருள், பெயர் வைத்தவர் காலத்து நம்பிக்கை. ஹிஸ்டீரியா என்பது கருப்பையின் பெயரிலிருந்து வந்தது. பெண்களின் கருப்பைதான் காரணம் என்று பழைய மருத்துவம் நம்பியது. மெலன்கோலியா கறுப்புப் பித்தம். இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகத் தெரிந்ததால் அவற்றில் காற்று ஓடுவதாகப் பழைய கிரேக்க மருத்துவர்கள் எண்ணினார்கள். இரத்தம்தான் ஓடுகிறது என்று காட்டியவர் காலன். மூச்சுக்குழாயையும் அந்தப் பழைய மருத்துவர்கள் ஆர்ட்டரி என்றே அழைத்தார்கள், 'சொரசொரப்பான ஆர்ட்டரி' என்று. அதில் சொரசொரப்பு மட்டும் மிஞ்சி ட்ரக்கியா ஆனது. இமையின் உட்புறம் சொரசொரப்பாகும் ட்ரக்கோமா கண் நோயும் இதே வேர்தான்.

கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் இன்றும் பொருந்துகின்றன. அதீரோஸ்கிளரோசிஸில் அதீரோ கூழ், ஸ்கிளரோ கெட்டிப்படுதல். தமனிச் சுவரில் படியும் கொழுப்பைக் கீறினால் உள்ளே கூழாகத்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் படிக்க இது போதும். நோய் எவ்வளவு தீவிரம், அடுத்து என்ன செய்வது என்பதற்கு வேர்களில் விடை கிடையாது, அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, கொஞ்சம் பயிற்சி. கீழே உள்ளவற்றை, வாலிலிருந்து தொடங்கி, தாளில் தமிழில் எழுதிப் பாருங்கள்: ஹெப்பட்டோமெகாலி, ஹெமட்டூரியா, பெரிஆர்த்ரைட்டிஸ், கோலிலித்தியாசிஸ், கார்டியோமயோபதி, பைலோநெஃப்ரைட்டிஸ், ஈசோஃபேகோகேஸ்ட்ரோடியோடினோஸ்கோப்பி.

விடைகள்: கல்லீரல் வீக்கம். சிறுநீரில் இரத்தம். மூட்டைச் சுற்றி அழற்சி. தோளைத் தூக்க முடியாமல் வருபவர்களின் சீட்டில் அடிக்கடி பார்க்கலாம். பித்தக் கல் நிலை. இதயத் தசை நோய். ஆறாவதில் பைலோ என்பது தொட்டி, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் தொட்டி போன்ற பகுதி. அங்கும் சிறுநீரகத்திலும் அழற்சி. சீழைக் குறிக்கும் பயோவோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள். கடைசியானது உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் உள்ளே பார்ப்பது, வழக்கில் வெறும் எண்டோஸ்கோப்பி. அதில் டியோடினம் மட்டும் லத்தீன், 'பன்னிரண்டு' என்று பொருள். கிரேக்க மருத்துவர்கள் அதன் நீளத்தைப் பன்னிரண்டு விரற்கடை என்று அளந்து வைத்த பெயரை லத்தீனில் பெயர்த்துக்கொண்டது.